வேலையில் இருந்துகொண்டே துப்பறியும் நாவல் எழுதி, தானே வெளியிடுகிறவரின் எழுத்து வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி இது: "முழுநேர வேலையில் இருக்கிறேன். துப்பறியும் நாவல் ஒன்றை எழுதி முடித்துவிட்டேன். பதிப்பகங்களிடம் போகாமல் நானே வெளியிடலாம் என்று இருக்கிறேன். இப்படி எழுதுகிறவர்களின் அன்றாடம் எப்படி இருக்கும்? எதை இலக்காக வைத்துக்கொள்வது? இதை வைத்துப் பிழைக்க முடியுமா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சிலரால் பிழைக்க முடிகிறது, பெரும்பாலோரால் முடிவதில்லை. முடிகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒற்றைப் புத்தகத்தை வைத்துக் காலம் தள்ளுகிறவர் அபூர்வம். அவர்கள் பெயரில் எட்டு, பத்து, பதினைந்து என்று புத்தகங்கள் இருக்கும், அதில் பாதியாவது ஒரே தொடராக இருக்கும். அதனால் இந்த முதல் நாவலை எப்படி ஓட வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, பத்தாவது நாவலை எழுதுகிற தெம்போடு எப்படி இருப்பது என்று யோசிப்பது நல்லது. நேரம், பணம், ஒப்பந்தம், ஏன், உங்கள் துப்பறிவாளருக்கு என்ன வயது என்பது வரைக்கும் இந்த ஒரு கணக்கை வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நானும் குற்றக்கதைதான் எழுதுகிறேன், வேலைக்குப் போய்க்கொண்டே. கீழே சொல்வதெல்லாம் அந்த இடத்திலிருந்து பார்த்தது.

இதற்கு மறுப்பாக எல்லாரும் இரண்டு பேரைச் சொல்வார்கள். ஆண்டி வியர் தன் வலைத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்ட நாவல், வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் 2011இல் 99 சென்ட்டுக்கு அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் ஏறியது. 2014இல் ஒரு பெரிய பதிப்பகம் அச்சிட்டது, 2015இல் 'தி மார்ஷியன்' என்று படமாகவும் வந்துவிட்டது. ஹ்யூ ஹவி 2011இல் 'வூல்' என்ற சிறு நாவலைத் தானே வெளியிட்டார். அது விற்ற விற்பில் மறு ஆண்டே அச்சு உரிமைக்குப் பெரிய பதிப்பகம் வந்து நின்றது.

இந்தக் கதைகளைச் சொல்கிறவர்கள் முன்கதையை விட்டுவிடுவார்கள். வியர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வேலையில்லாத ஓர் இடைவெளியில் முழுநேரமாக எழுதிப் பார்த்து, எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் பேசுகிற ஏஜெண்ட் ஒருவரும் கிடைக்காமல், திரும்ப மென்பொருள் வேலைக்குப் போனவர். அப்புறம் பொழுதுபோக்காக எழுதிக்கொண்டே இருந்தார். ஹவி 'வூல்' எழுதும் முன்பே ஒரு விண்வெளித் தொடரை எழுதி வெளியிட்டிருந்தார். அந்தச் சிறு நாவலுக்கு வாசகர்கள் வந்ததும் விளம்பரத்தில் இறங்காமல் அடுத்தடுத்த பாகங்களை எழுத உட்கார்ந்தார். அதிர்ஷ்டம் இருவருக்கும் இருந்தது, மறுப்பதற்கில்லை. அது வந்தபோது இருவருமே எழுதிப் பழகிய கையோடு இருந்தார்கள் என்பதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள முடியும்.

சரி, அன்றாடத்துக்கு வருவோம். வேலைக்குப் போகிற எழுத்தாளருக்கு ஆந்தனி ட்ரோலப்பை விட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அஞ்சல் துறை அதிகாரி. காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். எழுப்பிவிடுவதற்கென்றே ஒரு வேலையாளுக்குக் காசு கொடுத்தார். முதல் அரை மணி முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கு. பிறகு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல். மூன்று மணி நேரம் முடிந்தால் எழுந்து அலுவலகம் போய்விடுவார். இப்படியே 47 நாவல்கள். இந்த வழக்கத்தை அவரே தன்வரலாற்றில் எழுதிவைக்க, அது 1883இல், அவர் இறந்த மறு ஆண்டு, வெளிவந்தது. இப்படிக் கடிகாரம் பார்த்து எழுதியவனா கலைஞன் என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். நாவல்கள் இன்னும் அச்சில் இருக்கின்றன.

அவருடைய வேகத்தை நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முதல் அரை மணியை. முந்தைய நாள் பக்கத்தைப் படித்து, இரண்டு வாக்கியத்தைத் திருத்தி, அதே மூச்சில் புதிய பக்கத்துக்குள் நுழைவது. நேரம் குறைவாக இருப்பவருக்குக் கதையின் சூட்டுக்குத் திரும்பி வருவதற்கே பாதி நேரம் போய்விடுகிறது, அதற்கு இது ஒன்றுதான் மருந்து. நாளுக்கு 300 சொல், வாரத்துக்கு ஐந்து நாள், வருடத்துக்கு 40 வாரம் என்றால் 60,000 சொல். மிச்சமிருக்கும் 12 வாரம் திருத்துவதற்கும் உடம்பு முடியாத நாட்களுக்கும். அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் 40,000 சொல்லைத் தாண்டினாலே நாவல் என்று கணக்கு வைத்திருக்கிறது. அது ஆங்கிலக் கணக்கு. தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அதே கதை இன்னும் குறைந்த எண்ணிக்கையில் முடிந்துவிடும். ஆக, வருடத்துக்கு ஒரு நாவல் என்பது வேலையில் இருக்கிறவருக்கும் எட்டாத தூரமில்லை. மாதத்துக்கு ஒன்று வெளியிடுகிறவர்களைப் பார்த்து ஏங்க வேண்டாம். அவர்களில் பலர் இரண்டு வருடத்தில் களைத்துப்போய்க் காணாமல் போகிறார்கள்.

அந்த 300 சொல்லில் என்ன நடக்கிறது என்று சொன்னால்தான் இந்த வாழ்க்கையின் ருசி தெரியும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தன் அறையில் இறந்து கிடக்கிறார். மேசைமேல் அவர் கையெழுத்தில் தற்கொலைக் கடிதம். உண்மையில் அவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டார், கண்ணாடியோ பக்கத்து அறை நாற்காலியில் கிடக்கிற சட்டையின் பையில் இருக்கிறது. கடிதம் அன்றைக்கு எழுதியதில்லை என்பதற்கு இதுதான் தடயம். இதை வாசகர் பார்த்திருக்க வேண்டும், ஆனால் கவனித்திருக்கக் கூடாது.

முதல் வரைவில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "நாற்காலியில் கிடந்த சட்டையை எடுத்தபோது பையிலிருந்து கண்ணாடி கீழே விழுந்தது." பத்தி முடிகிறது. இப்படிப் பத்தியின் கடைசியில் வைத்தால் கண்ணாடிக்கு மேளதாளம் அடித்த மாதிரி ஆகிவிடும். விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே பிடித்துவிடுவார். திருத்தும்போது அதைத் தூக்கி ஒரு வேலையின் நடுவில் வைக்க வேண்டும். ஆய்வாளர் உட்கார இடம் தேடுகிறார், நாற்காலியிலிருந்த சட்டையை நகர்த்துகிறார், விழுந்த கண்ணாடியை எடுத்து அலமாரியில் வைக்கிறார், உட்காருகிறார், எதிரே மகள் வாயைத் திறந்து, "அப்பா சாகவில்லை, கொன்றுவிட்டார்கள்" என்கிறாள். அந்த வசனத்துக்குப் பிறகு கண்ணாடியை யார் நினைப்பார்கள்? பின்னால் எழுபது பக்கம் தள்ளி, வேறொருவர் தன் கண்ணாடியைத் தேடித் தடுமாறும்போது வாசகருக்கு வயிற்றில் சுருக்கென்று இருக்க வேண்டும்.

இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு வாரக் காலைகள் போகலாம். போகட்டும். துப்பறியும் கதை வாசகர் நம்மிடம் வாங்குவது இதைத்தான். வகை எழுத்து, அதாவது குற்றம், காதல், திகில் என்று வகை சொல்லி விற்கிற கதை, அடிப்படையில் வாசகருக்குக் கொடுத்த வாக்கு. குற்றக்கதையில் புதிர் நியாயமாக அவிழ வேண்டும், காதல் கதையில் இருவரும் கடைசியில் சேர வேண்டும், திகில் கதையில் விளக்கை அணைக்கத் தயங்க வேண்டும். அந்த வாக்கைக் காப்பாற்றிவிட்டு நடுவில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், வர்க்கத்தைப் பற்றிப் பேசலாம், முதுமையைப் பற்றிப் பேசலாம். "நான் வகை விதிகளை மீறுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு புதிரை அவிழ்க்காமல் விடுகிற கையெழுத்துப் பிரதிகளைப் படித்திருக்கிறேன். அதில் பலவற்றில் மீறல் ஒன்றும் இல்லை, முடிவு தெரியாமல் ஆரம்பித்ததுதான் காரணம்.

வெளியிடும் முன் யாரிடமாவது படிக்கக் கொடுப்பீர்கள். "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள், பிடித்தது என்றுதான் சொல்வார்கள். கொலையாளி யார் என்று முதலில் சந்தேகம் வந்தது எந்தப் பக்கத்தில், படிப்பதை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போனது எந்த இடத்தில் என்று கேளுங்கள். நான்கு பேர் ஒரே அத்தியாயத்தில் எழுந்து போயிருந்தால் அங்கே வேலை இருக்கிறது. இது நண்பரின் ரசனையைப் பொறுத்ததில்லை என்பதால் யாருக்கும் மனக்கசப்பும் வராது.

இனி தொடர். இதைக் கண்டுபிடித்தது இணையம் இல்லை. 1891இல் 'ஸ்ட்ராண்ட்' இதழுக்கு எழுதப்போன ஆர்தர் கோனன் டாயில் ஒரு கணக்குப் போட்டார். தொடர்கதையில் ஓர் இதழ் தவறினால் வாசகர் கழன்றுவிடுவார், தனித்தனிச் சிறுகதைகள் என்றால் வாசகரைக் கட்டிப்போட ஒன்றும் இல்லை. ஒரே மனிதர் எல்லாக் கதையிலும் வர, ஒவ்வொரு கதையும் தன்னளவில் முடிந்துவிட்டால்? ஷெர்லக் ஹோம்ஸ் சிறுகதைகள் அப்படிப் பிறந்தவை. இன்றைக்குக் கிண்டிலில் ஓடுகிற தொடர்களும் இதே அச்சில்தான் இருக்கின்றன. வழக்கு அந்தந்தப் புத்தகத்தில் தீர வேண்டும், துப்பறிவாளரின் சொந்த வாழ்க்கை மட்டும் மெல்ல நகர வேண்டும். முதல் புத்தகத்தைத் தொங்கலில் நிறுத்திவிட்டு "மீதி அடுத்த பாகத்தில்" என்று போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குற்றக்கதை வாசகர் ஏமாந்தேன் என்றுதான் நினைப்பார்.

தொடருக்கு ஒரு கெடுதலும் உண்டு, அதையும் டாயிலே அனுபவித்தார். வரலாற்று நாவல்களுக்காகத் தன்னை நினைவுகூர வேண்டும் என்பது அவர் ஆசை. ஹோம்ஸ் அதற்கு இடைஞ்சல் என்று 1893இல் அருவியில் தள்ளிக் கொன்றார். வாசகர்கள் விடவில்லை, பத்து ஆண்டுகளில் உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. அகதா கிறிஸ்டிக்கு வேறு மாதிரிச் சிக்கல். தன் துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோவை முதல் நாவலிலேயே பணியிலிருந்து ஓய்வுபெற்றவராகப் படைத்துவிட்டார். பல பத்தாண்டுகள் அவரைச் சுமந்த பிறகு, இளமையாகத் தொடங்கியிருக்க வேண்டும் என்று தன்வரலாற்றில் நொந்துகொண்டார். ஆகையால் உங்கள் துப்பறிவாளரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இவரோடு பத்து வருடம் இருக்க முடியுமா? பத்து வழக்குகள் இயல்பாக வந்து சேருகிற தொழிலில் இருக்கிறாரா? கணக்குப் பிள்ளை ஒருவருக்கு ஒரு கொலை தற்செயலாக வரலாம், நாலாவது கொலை வரும்போது வாசகர் சிரிப்பார். உங்களுக்கு வேறு வகையிலும் ஆசை இருந்தால் இரண்டாவது, மூன்றாவது புத்தகத்துக்கு இடையிலேயே ஒரு தனி நாவல் எழுதிவிடுங்கள். எட்டாவதுக்குப் பிறகு திரும்பினால் வாசகர் கூட வர மாட்டார்.

பணத்தைப் பற்றி. அமேசானின் சுயவெளியீட்டுத் தளத்தில், அமெரிக்க டாலர் கணக்கில், மின்னூலின் விலை 2.99 முதல் 9.99 வரை இருந்தால் 70 சதவீத ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளர் பங்கு, எடுக்கலாம், அதற்குக் கீழேயோ மேலேயோ போனால் 35. சில நாடுகளில் நடக்கும் விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் அவர்களோடு மட்டும் இருக்கும் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். 3.99க்கு விற்றால் மின்னூலை வாசகருக்கு அனுப்பும் கட்டணம் கழிந்து 2.70 பக்கம் கைக்கு வரும். 99 சென்ட்டுக்கு விற்றால் 35 சென்ட். அதாவது மலிவு விலையில் அதே பணத்தைப் பார்க்க ஏழெட்டு மடங்கு விற்க வேண்டும்.

அப்படியிருந்தும் தொடர் எழுதுகிறவர்கள் முதல் புத்தகத்தை மட்டும் மலிவாக வைக்கிறார்கள். ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். 100 பேர் முதல் புத்தகத்தை 99 சென்ட்டுக்கு வாங்குகிறார்கள்: 35 டாலர். அதில் 50 பேர் இரண்டாவதையும், 40 பேர் மூன்றாவதையும், 35 பேர் நான்காவதையும் 3.99க்கு வாங்கினால் 135, 108, 94 என்று சேர்ந்து மொத்தம் 370 டாலருக்கு மேல். முதல் புத்தகத்தை வாங்கிய ஒருவர் நமக்கு 35 சென்ட் இல்லை, ஏறக்குறைய 3.70 டாலர். விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பது இந்த எண்ணிலிருந்துதான் வர வேண்டும். ஒரே ஒரு புத்தகம் வைத்திருப்பவர் விளம்பரம் செய்தால் கைக்காசு போவது இதனால்தான். இந்தக் கணக்கில் நான் முதலில் பார்ப்பது முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகிறவர்களின் பங்கை. நூற்றுக்குப் பத்துப் பேர்தான் போகிறார்கள் என்றால் விளம்பரத்தை நிறுத்திவிட்டு முதல் புத்தகத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு கடைசி மூன்று அத்தியாயங்களில் இருக்கும்.

அமேசானோடு மட்டும் இருக்கும் அந்தத் திட்டத்துக்குப் பெயர் செலக்ட். 90 நாள் தவணை, நாமாக நிறுத்தாவிட்டால் தானே புதுப்பித்துக்கொள்ளும். அந்த நாட்களில் மின்னூலை வேறெங்கும், சொந்த வலைத்தளத்தில்கூட, கொடுக்கக் கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. பதிலுக்கு, சந்தா கட்டி வேண்டிய மட்டும் படிக்கிற கிண்டில் அன்லிமிட்டட் வாசகர்கள் படிக்கும் பக்கத்துக்கு ஏற்பப் பணம் வரும், பக்கத்துக்கு அரை சென்ட்டுக்கும் குறைவு. இந்த அன்லிமிட்டட் 2014இல் தொடங்கியபோது, வாசகர் பத்து சதவீதம் படித்தாலே ஒரு புத்தகத்துக்கான முழுத் தொகை வந்தது. உடனே சிறு சிறு புத்தகங்களாக வெட்டிப் போட ஆரம்பித்தார்கள் பலர். 2015 ஜூலையில் பக்கக் கணக்குக்கு மாற்றினார்கள், குட்டிப் புத்தகங்களை நம்பியவர்களின் வருமானம் ஒரே மாதத்தில் சரிந்தது. அடுத்தவர் தளத்தில் தொழில் செய்வது வாடகை வீட்டில் குடியிருப்பதைப் போல. வசதியாக இருக்கலாம், ஆணி அடிக்கும்போது யோசிக்க வேண்டும். புதியவருக்கு முதல் இரண்டு தவணை செலக்டில் இருந்து பார்ப்பது தப்பில்லை என்பது என் எண்ணம். மின்னஞ்சல் முகவரி கொடுத்த வாசகர்கள் கொஞ்சம் சேர்ந்ததும் வெளியே வரலாமா என்று யோசியுங்கள்.

அந்த முகவரிகளைச் சேர்க்க நல்ல இடம் புத்தகத்தின் கடைசிப் பக்கம். கதையை முடித்த கையோடு இருக்கும் வாசகரைவிட ஆர்வமுள்ளவர் எங்கே கிடைப்பார்? அங்கே அடுத்த புத்தகத்துக்கு ஒரு சுட்டி, உங்கள் மின்னஞ்சல் கடிதம் வேண்டுமென்றால் முகவரியைப் பதிவு செய்ய ஒரு சுட்டி, போதும். சமூக ஊடகங்களில் எது உங்களுக்கு இயல்பாக வருகிறதோ அது ஒன்று மட்டும். எதுவும் வரவில்லையென்றால் ஒன்றும் வேண்டாம், அந்த நேரத்தில் எழுதுங்கள். விமர்சனங்களுக்குப் பதில் எழுதாதீர்கள், பாராட்டுக்கும்தான்.

கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் அட்டைக்குச் செலவு செய்யுங்கள், அடுத்து கதையமைப்பைப் பார்க்கத் தெரிந்த ஓர் எடிட்டருக்கு. அட்டை அழகாக இருப்பது இரண்டாம்பட்சம். கைபேசித் திரையில் கட்டைவிரல் நக அளவில் பார்க்கும்போது இது குற்றக்கதை என்று தெரிய வேண்டும். ஓவியர் நண்பர் அன்போடு வரைந்து கொடுக்கும் நவீன ஓவியத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

புத்தகத்தின் அறிமுகக் குறிப்பை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் நீங்களே எழுதுங்கள். "மனித மனத்தின் இருண்ட பக்கங்களை அலசும் விறுவிறுப்பான நாவல்" என்று எழுதினால் அது எந்த நாவலுக்கும் பொருந்தும், அதனால் எதையும் விற்காது. நம் நீதிபதியை வைத்தே எழுதிப் பார்ப்போம்: "ஓய்வுபெற்ற நீதிபதி தன் தற்கொலைக் கடிதத்தில் ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இருபது வருடங்களுக்கு முன் அந்தப் பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை விதித்தவர் அவர்தான். கடிதத்தைப் படித்த ஆய்வாளருக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. 'நாளை உன்னைப் பார்க்க வருகிறேன்' என்று ஏன் எழுதியிருக்கிறார்?" ஒரு மனிதர், ஒரு பழைய பாவம், பதில் தெரியாத ஒரு கேள்வி. கண்ணாடியைப் பற்றி மூச்சு விடவில்லை, கவனியுங்கள்.

இயந்திரம் எழுதிய புத்தகங்கள் குவிவதைப் பற்றியும் கேட்பீர்கள். 2023 செப்டம்பரிலிருந்து அமேசான், எழுத்தோ படமோ மொழிபெயர்ப்போ செயற்கை நுண்ணறிவு உருவாக்கியதாக இருந்தால் பதிவேற்றும்போது தங்களிடம் சொல்ல வேண்டும் என்கிறது, ஒரே நாளில் இத்தனை புத்தகம்தான் என்று வரம்பும் வைத்தது. குவியல் குறையப் போவதில்லை. ஒரு பெயரைப் பார்த்து "இவர் ஏமாற்ற மாட்டார்" என்று வாங்குகிற வாசகர்தான் அதில் நமக்குத் துணை. அந்தப் பெயரைச் சம்பாதிக்கச் சில புத்தகங்கள் பிடிக்கும்.

இப்போது இலக்கு. ஆசைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளச் சொல்வேன். நாமே முடிவு செய்யக்கூடியவை ஒரு பக்கம்: மூன்று வருடத்தில் மூன்று நாவல், அதில் ஒன்றிலாவது இதுவரை முயலாத கதைசொல்லி, ஒரு வழக்கை முழுக்க நீதிமன்றத்துக்குள்ளேயே நடத்திப் பார்ப்பது. அடுத்தவர் கையில் இருப்பவை இன்னொரு பக்கம்: விருது, படம், பெரிய பதிப்பகம். இரண்டாவது பட்டியலும் இருக்கட்டும், ஆசைப்படுவதில் வெட்கம் என்ன. சுயமாக வெளியிடுகிறவர்களுக்குக் கதவுகள் முன்னைவிடத் திறந்தும் இருக்கின்றன. மேலே சொன்ன அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கமே 2015இல்தான் அவர்களை உறுப்பினராக ஏற்கத் தொடங்கியது. வயதாகிவிட்டதே என்கிறவர்களுக்கு ரேமண்ட் சாண்ட்லர் இருக்கிறார். வேலை போன பிறகு, 45 வயதில் முதல் துப்பறியும் கதையை வெளியிட்டார், முதல் நாவல் வந்த 1939இல் அவருக்கு வயது 50 முடிந்திருந்தது. ஆனால் தினமும் காலையில் மேசைக்கு வரும்போது முதல் பட்டியல் மட்டும் கண்ணில் படட்டும்.

பெரிய பதிப்பகம் தேடிவரும் நாள் வந்தால் பத்தாவது புத்தகத்தை நினைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் படியுங்கள். டாயில் முதல் ஹோம்ஸ் நாவலின் முழுக் காப்புரிமையையும் 25 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்தார். 1887இல் வெளிவந்த அந்த நாவலிலிருந்து அதற்குமேல் ஒரு காசு அவருக்கு வரவில்லை. கிறிஸ்டி முதல் புத்தகம் அச்சாகிறதே என்ற மகிழ்ச்சியில், அடுத்த ஐந்து புத்தகங்களையும் அதே பதிப்பாளருக்குத் தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், ராயல்டியும் சொற்பம். அந்த எண்ணிக்கை தீரும்வரை அவரால் நகர முடியவில்லை. ஹவியோ மின்னூல் உரிமையைத் தானே வைத்துக்கொண்டு அச்சு உரிமையை மட்டும் கொடுத்தார், அதற்காகப் பெரிய தொகைகளை வேண்டாம் என்று சொன்னார். மின்னூலில் ஏற்கெனவே மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்ததால் அப்படிச் சொல்ல முடிந்தது. நம் நிலை வேறாக இருக்கலாம், கேட்க வேண்டிய கேள்விகள் அதேதான். எந்தெந்த உரிமை போகிறது, எத்தனை ஆண்டுக்கு, விற்பனை எவ்வளவு குறைந்தால் உரிமை திரும்பி வரும், இதே கதாபாத்திரத்தை வைத்து நான் வெளியே எழுதலாமா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் தொடரையே விற்கிறீர்கள் என்று அர்த்தம், விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

வேலையை எப்போது விடலாம் என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, மனதில் இருக்கும். ட்ரோலப் பெயர் பெற்ற பிறகும் பல ஆண்டுகள் அஞ்சல் துறையில் இருந்துவிட்டு 1867இல்தான் விலகினார். சுயவெளியீட்டுப் பணம் மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் கைக்கு வரும், புதிய புத்தகம் வராத மாதங்களில் வளைந்து கீழே போகும். புதிதாக ஒன்றும் வெளியிடாத ஒரு முழு வருடத்தில் பழைய புத்தகங்கள் மட்டும் கொண்டுவந்த பணம் எவ்வளவு என்று பாருங்கள். அதில் குடும்பம் ஓடும் என்றால் பேசலாம். அதுவரை சம்பளம் நம் எழுத்துக்குக் கிடைக்கிற உதவித்தொகை. அவசரத்துக்காக அரைகுறைப் புத்தகத்தை வெளியிட வேண்டிய நிலை வராமல் அது பார்த்துக்கொள்ளும்.

உங்கள் கையில் இருக்கும் முதல் நாவலை என்ன செய்வது? நான் என்றால் அதை இப்போது வெளியிட மாட்டேன். ஒரு மாதம் மூடி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குவேன். இரண்டாவதில் மூன்று நான்கு அத்தியாயம் போனதும் முதலாவதில் என்ன இல்லை என்று தானாகத் தெரிய ஆரம்பிக்கும்: துப்பறிவாளருக்கு ஒரு தங்கை தேவைப்படும், காவல் நிலையத்தில் அவரைப் பிடிக்காத ஓர் அதிகாரி தேவைப்படும், முதல் நாவலில் போகிற போக்கில் கொன்றுவிட்ட ஒருவர் உயிரோடு இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். வெளியிடாத வரைக்கும் இதையெல்லாம் சரிசெய்வது இலவசம். இரண்டாவதின் வரைவு முடிந்த பிறகு முதலாவதைத் திருத்தி, படிக்கக் கொடுத்து, அட்டை போட்டு வெளியிடுங்கள். கடைசியில் இரண்டாவதின் முதல் அத்தியாயத்தைச் சேர்த்துவிடுங்கள், அதையும் நாலைந்து மாதத்தில் கொண்டுவாருங்கள். வெளியீட்டுத் தேதியை மட்டும் அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம்.